பாலவாக்கத்துச் சாலையும் கிசால்லோ அன்னையும்

திருவான்மியூரைக் கடந்து தெற்கு நோக்கிச் செல்லும் கிழக்குக் கடற்கரைச் சாலையில், கொட்டிவாக்கத்திற்கும் நீலாங்கரைக்கும் இடையே அமைந்திருக்கிறது பாலவாக்கம். கிழக்கே வங்கக் கடல். மேற்கே பக்கிங்காம் கால்வாய். இவ்விரண்டிற்கும் நடுவே நீண்டு ஒடுங்கிய மணற்பரப்பில் ஊர். 2011-ஆம் ஆண்டில் சென்னை மாநகராட்சியோடு இணைக்கப்படும் வரை இது தனி ஊராட்சியாக விளங்கிற்று. சவுக்கும் தென்னையும் நின்ற இடங்களில் இன்று அடுக்குமாடி வீடுகள் நிற்கின்றன. ஆயினும் கடலோரத்துக் குப்பம் இன்றும் இருக்கிறது. கட்டுமரத்தின் இடத்தைக் கண்ணாடியிழைப் படகுகள் பிடித்துக்கொண்டாலும், வலை உலர்த்தும் மணல் மாறவில்லை. 2004-ஆம் ஆண்டு டிசம்பர் 26-ஆம் நாள் ஆழிப்பேரலை இக்குப்பத்தையும் விட்டுவைக்கவில்லை. தை பிறந்தது முதல் பங்குனி வரை, இரவின் அமைதியில் பங்குனி ஆமைகள் கரையேறி முட்டையிட்டுச் செல்வதும் இந்த மணலில்தான்.

இவ்வூரின் முகத்தை மாற்றியது சாலை. மாமல்லபுரம் வழியாகப் புதுச்சேரிக்குச் செல்லும் இக்கடற்கரைச் சாலை சீரமைக்கப்பட்டு, 2002-ஆம் ஆண்டில் சுங்கச் சாலையாயிற்று. அதன் பின்னர் இவ்வழியே செல்லும் வண்டிகளின் எண்ணிக்கையும் வேகமும் ஆண்டுதோறும் பெருகிக்கொண்டே வந்திருக்கின்றன. சாலையின் இரு மருங்கிலும் வாழ்கின்ற மக்களுக்கு, பால் வாங்கவும் பள்ளிக்குச் செல்லவும் பேருந்து ஏறவும் இதனைக் குறுக்கே கடப்பதுதான் அன்றாடப் பெருங்கவலை.

சனி, ஞாயிறு விடியற்காலையில் இச்சாலையில் நின்று பார்ப்பவர்கள் இருவகை மிதிவண்டிக்காரர்களைக் காணலாம். முதல் வகையினர், மெல்லிய சக்கரங்களும் வளைந்த கைப்பிடியும் கொண்ட விலையுயர்ந்த வண்டிகளில், பின்னே சிவப்பு விளக்கு மின்ன, வரிசையாக முட்டுக்காட்டையும் கோவளத்தையும் மாமல்லபுரத்தையும் நோக்கிச் செல்லும் இளைஞர்கள். பெண்களும் அவர்களிடையே உண்டு. இரண்டாம் வகையினர், பழைய கனமான சைக்கிளில், விளக்கோ மணியோ இல்லாமல், கட்டட வேலைக்கும் காவல் வேலைக்கும் மீன் வியாபாரத்திற்கும் செல்லும் ஏழைத் தொழிலாளர்கள். முதல் வகையினர் மகிழ்ச்சிக்காகவும் உடல்நலத்திற்காகவும் மிதிக்கின்றனர். இரண்டாம் வகையினர் அன்றைய உணவுக்காக மிதிக்கின்றனர். ஆனால் பின்னாலிருந்து பாய்ந்து வரும் லாரிக்கு இவர்களிடையே வேற்றுமை தெரியாது.

இவ்விளைஞர்களிடம் பேச்சுக் கொடுத்தால், ஐரோப்பிய நாடுகளின் பெரும் பந்தய வீரர்களுடைய பெயர்களைச் சரளமாகச் சொல்லுகிறார்கள். வெற்றி பெற்றவர்களின் பெயர்கள் அவை. நம் குடும்பங்கள் அறிந்துகொள்ள வேண்டிய இன்னொரு பெயர் உண்டு. வெற்றியின் உச்சியைத் தொட்டு, 25 வயதுகூட நிறையாமல் சாலையிலே மடிந்த ஒருவரின் பெயர் அது: ஃபாபியோ கசார்தெல்லி.

கோமோ ஏரிக்கரையின் மைந்தர்

வட இத்தாலியில், ஆல்ப்ஸ் மலையின் அடிவாரத்தில், கோமோ என்னும் அழகிய ஏரி இருக்கிறது. அவ்வட்டாரத்தில் 1970-ஆம் ஆண்டு ஆகஸ்டு 16-ஆம் நாள் பிறந்தவர் கசார்தெல்லி. அங்கே சிற்றூர்ச் சிறுவர்களுக்கு மிதிவண்டிப் பந்தயம் என்பது நம் சிறுவர்களுக்குக் கிரிக்கெட் போன்றது. 1992-ஆம் ஆண்டு பார்சலோனா நகரில் ஒலிம்பிக் விளையாட்டுகள் நடைபெற்றபோது, ஆகஸ்டு 2-ஆம் நாள் நடந்த சாலைப் பந்தயத்தில், 190 கிலோமீட்டருக்கு மேற்பட்ட தூரத்தைக் கடந்து அவர் தங்கப் பதக்கம் வென்றார். ஹாலந்து நாட்டு வீரர் ஒருவர் இரண்டாமிடமும், லாட்வியா நாட்டு வீரர் ஒருவர் மூன்றாமிடமும் பெற்றனர். அப்போது அவருக்கு 22 வயது நிறைவதற்கு இரண்டு வாரங்கள் இருந்தன.

மறு ஆண்டில் அவர் மிதிவண்டி ஓட்டுவதையே தொழிலாகக் கொண்டார். இத்தொழிலைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். பெரும் பந்தயங்களில் வீரர்கள் தனித்தனியே ஓடுவதில்லை. அணி அணியாக ஓடுகிறார்கள். அணியில் ஒருவரே தலைமை வீரர். மற்றவர்கள் அவருக்கு முன்னே சென்று எதிர்க்காற்றைத் தாங்குவார்கள்; அவருக்காகத் தண்ணீர்க் குப்பிகளைச் சுமந்து வருவார்கள்; அவர் சக்கரம் பழுதானால் தம் சக்கரத்தைக் கழற்றிக் கொடுப்பார்கள். மேடையில் மாலை ஏற்பவர் ஒருவர். அவர் அங்கே ஏறுவதற்குத் தோள் கொடுப்பவர் பலர். ஒலிம்பிக் தங்கம் வென்ற கசார்தெல்லியும் இவ்வாறு தோள் கொடுக்கும் பணியை ஏற்றுக்கொண்டார். 1995-ஆம் ஆண்டில் மோட்டரோலா என்ற அமெரிக்க அணியில் சேர்ந்தார். அவ்வாண்டு வசந்த காலத்தில் அவருக்கும் மனைவி அன்னலிசாவுக்கும் மார்க்கோ என்ற ஆண் குழந்தை பிறந்தது. குழந்தை பிறந்த சில வாரங்களில், உலகின் மிகப் பெரிய மிதிவண்டிப் பந்தயமாகிய 'தூர் தெ பிரான்ஸ்' தொடங்கிற்று.

ஓர் இறக்கம்

1903-ஆம் ஆண்டு முதல் நடைபெற்று வரும் அப்பந்தயம் மூன்று வாரங்கள் நீள்வது. ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தூரத்தைக் கட்டம் கட்டமாகக் கடக்க வேண்டும். ஆல்ப்ஸ், பிரனீஸ் ஆகிய மலைத்தொடர்களை வீரர்கள் தம் கால்வலிமை ஒன்றையே துணையாகக் கொண்டு ஏறி இறங்குகின்றனர். ஏறுவது வேதனை, இறங்குவது ஆபத்து. மலைமேல் ஏறும்போது மெல்லச் செல்லும் வண்டி, இறங்கும்போது மோட்டார் வண்டியின் வேகத்தை எட்டிவிடுகிறது. சிறிய பிரேக்குகளே அதை நிறுத்த வேண்டும்.

1995-ஆம் ஆண்டு ஜூலை 18-ஆம் நாள், செவ்வாய்க்கிழமை. பதினைந்தாம் கட்டம். சேன் ஜிரோன் என்னும் ஊரிலிருந்து கோத்தரே என்னும் ஊர் வரை பிரனீஸ் மலையில் ஆறு ஏற்றங்கள். முதல் கணவாயின் பெயர் போர்த்தே தாஸ்பே. அதன் உச்சியை அடைந்து வீரர்கள் கீழே இறங்கிக்கொண்டிருந்தனர். வேகம் மணிக்கு 80 கிலோமீட்டரைத் தாண்டியிருந்தது. ஒரு வளைவில் சிலர் தடுமாறி விழுந்தனர். ஒருவர் சாலையைத் தாண்டிப் பள்ளத்தில் விழுந்தும் உயிர் பிழைத்தார். கசார்தெல்லி சாலையோரத்தில் வரிசையாக வைக்கப்பட்டிருந்த சிமெண்ட் தடுப்புக் கற்களில் ஒன்றின்மேல் மோதினார். அவர் தலையில் கவசம் இல்லை. அந்நாளில் பந்தய வீரர்களுள் மிகப் பலர் கவசம் அணிவதில்லை. ஹெலிகாப்டரில் தார்ப் நகர மருத்துவமனைக்குக் கொண்டு செல்லும் வழியிலேயே அவருடைய இதயம் மூன்று முறை நின்றது. மருத்துவர்கள் அரும்பாடுபட்டும் அவரைக் காப்பாற்ற முடியவில்லை.

முன்னால் சென்றுகொண்டிருந்த வீரர்கள் பலருக்கு இது தெரியாது. அன்றைய கட்டம் நடந்து முடிந்தது. ஒருவர் வெற்றியும் பெற்றார். செய்தி மெல்ல மெல்லப் பரவியபோது வெற்றிக் களிப்பு வாயிலே கசந்தது.

போட்டியிடாத ஒரு நாள்

மறுநாள் ஜூலை 19. தார்ப் நகரிலிருந்து போ என்னும் நகர் வரை 230 கிலோமீட்டருக்கு மேற்பட்ட மலைவழி. பந்தயக் கணக்கின்படி அது மிகக் கடினமான கட்டம். முன்னிலையில் இருப்பவரை வீழ்த்த எண்ணுவோருக்கு நல்ல வாய்ப்பு. ஆனால் வீரர்கள் தங்களுக்குள் ஒரு முடிவு செய்துகொண்டனர். அன்று ஒருவரும் போட்டியிடவில்லை. எவரும் எவரையும் முந்தவில்லை. நூற்றுக்கு மேற்பட்ட வீரர்கள் ஒரே கூட்டமாக, சுட்டெரிக்கும் வெயிலில், நாள் முழுவதும் மெல்ல மெல்ல மிதித்துச் சென்றனர். முடிவுக் கோட்டை நெருங்கியதும் கூட்டம் முழுவதும் வேகத்தைத் தளர்த்திப் பின்தங்கிற்று. மோட்டரோலா அணியின் எஞ்சிய வீரர்கள் மட்டும் ஒருவர் பக்கத்தில் ஒருவராக முன்னே சென்று கோட்டைக் கடந்தனர். இறந்தவரின் நாட்டவரும் அணித் தோழருமான ஆந்திரேயா பெரோன் ஓரடி முன்னதாகச் சென்றார். அன்றைய பரிசுத் தொகை கசார்தெல்லியின் குடும்பத்திற்கு அளிக்கப்பட்டது.

இதைப் படிக்கும் நம் கடற்கரை மக்களுக்கு இச்செயல் புதிதாகத் தோன்றாது. சோழமண்டலக் கரையின் குப்பங்களில், ஊரில் ஒரு சாவு நேர்ந்தால் அன்று படகுகள் கடலில் இறங்குவதில்லை. அன்றைய மீன்பாடு எவ்வளவு நன்றாக இருந்தாலும் சரி, அடுப்பில் உலை ஏற வழியில்லாமற் போனாலும் சரி, ஊர்க்கட்டுப்பாடு அது. கடலில் ஒருவரோடொருவர் போட்டியிட்டு வலை வீசுபவர்கள் அன்று கரையில் ஒன்றாக அமர்ந்திருப்பார்கள். கடலைத் தொழிலாகக் கொண்டவன், நாளை தனக்கும் இது நேரலாம் என்பதை அறிந்தவன். ஆகவே அவன் இறந்தவனை அந்நியனாகப் பார்ப்பதில்லை. பிரனீஸ் மலையில் அந்த வீரர்கள் செய்ததும் இதுவே. அவர்களுக்கு இவ்வழக்கத்தை எவரும் கற்றுக்கொடுக்கவில்லை. ஆபத்தான தொழில் தானே அதைக் கற்றுக்கொடுக்கிறது.

இரண்டு நாள் கழித்து, லிமோஜ் நகரில் முடிவடைந்த கட்டத்தில் அதே அணியின் லான்ஸ் ஆம்ஸ்ட்ராங் தனியே முந்திச் சென்று வென்றார். கோட்டைக் கடக்கும்போது இரு கைகளின் விரல்களையும் வானை நோக்கி உயர்த்தினார். இறந்த தோழருக்கு அவ்வெற்றியைக் காணிக்கையாக்கினார். அவரே பின்னாளில் ஊக்கமருந்துக் குற்றத்தின் காரணமாகத் தம் ஏழு பெரும் பட்டங்களையும் 2012-ஆம் ஆண்டில் இழந்தார் என்பதும் வரலாறு. மனிதர் தவறலாம், எனினும் அன்று அவர் சிந்திய கண்ணீரை நாம் பொய்யென்று சொல்ல வேண்டியதில்லை.

மலைமேல் ஓர் ஆலயம்

கசார்தெல்லியின் வண்டி இப்போது எங்கே இருக்கிறது? அவர் பிறந்த கோமோ வட்டாரத்திலேயே, மக்ரேல்யோ என்ற ஊரை அடுத்த குன்றின்மேல், ஏறத்தாழ 750 மீட்டர் உயரத்தில், கிசால்லோ அன்னையின் சிற்றாலயம் இருக்கிறது. முற்காலத்தில் கிசால்லோ என்னும் பிரபு ஒருவர் அம்மலைவழியே சென்றபோது கள்வர் தாக்கினர் என்றும், அவர் அங்கிருந்த தேவ அன்னையின் திருவுருவத்தை நோக்கி ஓடித் தஞ்சம் புகுந்து உயிர் தப்பினார் என்றும் மரபுக் கதை கூறுகிறது. அன்று முதல் அவ்வன்னை வழிப்போக்கரின் பாதுகாவலியாகக் கருதப்பட்டார்.

காலம் மாறிற்று. கால்நடையாகச் சென்றோரின் வழியில் மிதிவண்டி வீரர்கள் ஏறத் தொடங்கினர். இத்தாலியின் பெரும் பந்தயங்கள் அக்குன்றின் வழியே செல்பவை. மூச்சு வாங்க ஏறி வரும் வீரர்கள் உச்சியை அடையும்போது முதலில் காண்பது இவ்வாலயத்தையே. இரண்டாம் உலகப் போருக்குப் பின், அங்குப் பணிபுரிந்த எர்மெலிந்தோ விகானோ என்னும் குரு, அன்னையை மிதிவண்டி ஓட்டுவோரின் பாதுகாவலியாக அறிவிக்க வேண்டுமென முயற்சி மேற்கொண்டார். 1948-ஆம் ஆண்டில் திருத்தந்தை 12-ஆம் பத்திநாதர் ஏற்றிக் கொடுத்த சுடரை வீரர்கள் மாறி மாறி ஏந்தி அங்கே கொண்டு சேர்த்தனர். மறு ஆண்டு அக்டோபர் 13-ஆம் நாள் அத்திருத்தந்தை கிசால்லோ அன்னையை மிதிவண்டி ஓட்டுவோரின் பாதுகாவலியாக அறிவித்தார்.

அச்சுடரை ஏந்தியவர்களுள் ஜீனோ பார்த்தாலி, ஃபௌஸ்தோ கோப்பி ஆகிய இருவரும் இருந்தனர். இத்தாலி நாட்டை இரு கட்சிகளாகப் பிரித்த பெரும் போட்டியாளர்கள் அவர்கள். பார்த்தாலி ஆழ்ந்த பக்தியுள்ள கத்தோலிக்கர். போர்க்காலத்தில் தம் மிதிவண்டியின் குழாய்க்குள் ஆவணங்களை மறைத்துக் கொண்டு சென்று யூத மக்களைக் காப்பாற்ற உதவியவர். இறக்கும் வரை அதைப் பெருமையாகப் பேசியதில்லை. 2013-ஆம் ஆண்டில்தான் யூத மக்கள் அவரை முறைப்படி சிறப்பித்தனர். இவ்விரு போட்டியாளர்களையும் ஒரு துயரம் ஒன்றுபடுத்திற்று. பார்த்தாலியின் தம்பி ஜூலியோ 1936-ஆம் ஆண்டிலும், கோப்பியின் தம்பி செர்சே 1951-ஆம் ஆண்டிலும், பந்தயத்தில் விழுந்து அடைந்த காயத்தால் இறந்தனர். வெற்றி வீரர்களின் வீடுகளிலும் சாலையில் மகனை இழந்த தாய்மார் இருந்தனர்.

அவ்வாலயத்தின் உட்சுவர்களில், உலகப் புகழ்பெற்ற வீரர்கள் நேர்ச்சையாக அளித்த மிதிவண்டிகளும் பந்தயச் சட்டைகளும் தொங்குகின்றன. வேளாங்கண்ணியில் நோய் நீங்கியோர் அளித்த வெள்ளிக் கண்களையும் கால்களையும் கண்ட நமக்கு இது விளங்கும். உலகை வென்ற வண்டிகள் தொங்கும் அதே சுவரில், கசார்தெல்லி கடைசியாக ஓட்டிய வண்டியும், விபத்தில் சிதைந்த நிலையிலேயே, தொங்குகிறது. அதைச் செப்பனிடவில்லை, மறைத்தும் வைக்கவில்லை. ஆலயத்திற்கு வெளியே 1973-ஆம் ஆண்டில் நிறுவப்பட்ட வெண்கலச் சிலையிலும் இரு வீரர்கள் உள்ளனர்: ஒருவர் கையுயர்த்தி வெற்றி முழங்குகிறார், மற்றவர் தரையில் விழுந்து கிடக்கிறார்.

நம் இல்லங்களில் நாம் எதை மாட்டி வைக்கிறோம் என்று எண்ணிப் பார்ப்போமாக. பட்டம் பெற்ற மகனின் படம் கூடத்தில் இருக்கிறது. தேர்வில் தோற்றவனின் பெயரை விருந்தினர் முன் சொல்லத் தயங்குகிறோம். அன்னையின் ஆலயத்தில் வென்றவனும் வீழ்ந்தவனும் ஒரே சுவரில் இடம் பெறுகின்றனர். தாய்க்கு இருவரும் பிள்ளைகளே. புனித சின்னப்பர் விசுவாச வாழ்வைப் பந்தயத்திற்கு ஒப்பிட்டார். அப்பந்தயத்தில் மனிதர் தரும் மாலை வாடக்கூடியது என்பதையும் அவரே நினைவூட்டினார்.

பிரனீஸ் மலையில் அவர் வீழ்ந்த இடத்தருகே வெண்சலவைக் கல்லில் ஒரு நினைவுச் சின்னம் உண்டு. அது ஒரு நிழற்கடிகாரமும் ஆகும். அவர் பிறந்த நாள், தங்கம் வென்ற நாள், இறந்த நாள் ஆகிய மூன்றையும் கதிரவனின் நிழல் சுட்டிக்காட்டுமாறு அதை அமைத்திருக்கிறார்கள். மனித வாழ்வைச் சுருக்கிச் சொல்ல இந்த மூன்று நாட்களே போதும் போலும்.

நினைவு காவலாக மாற வேண்டும்

ஆனால் சிலை வைப்பதோடு நினைவு முடிந்துவிடுமா? இங்கேதான் இவ்வரலாற்றின் கசப்பான பகுதி தொடங்குகிறது. 1991-ஆம் ஆண்டிலேயே பன்னாட்டு மிதிவண்டிச் சங்கம் பந்தயங்களில் தலைக்கவசத்தைக் கட்டாயமாக்க முயன்றது. எதிர்த்தவர்கள் வீரர்களே. வெயிலில் தலை வேகிறது, பாரமாயிருக்கிறது என்றார்கள், விதி தளர்த்தப்பட்டது. 1995-இல் கசார்தெல்லி இறந்தார். கவசம் இருந்தால் பிழைத்திருப்பாரா என்று மருத்துவர்களிடையே கருத்து வேறுபாடு எழுந்தது. வாதம் நீண்டது, விதி வரவில்லை. 2003-ஆம் ஆண்டு மார்ச் மாதம் பிரான்ஸ் நாட்டில் மற்றொரு பந்தயத்தில் ஆந்திரேய் கிவிலேவ் என்ற கஜகஸ்தான் வீரர் கீழே விழுந்து, தலையில் அடிபட்டு, மறுநாள் இறந்தார். அவரும் கவசம் அணிந்திருக்கவில்லை. அவ்வாண்டு மே மாதத்தில்தான் கவசம் கட்டாயமாயிற்று. முதல் முயற்சிக்கும் இறுதி விதிக்கும் இடையே 12 ஆண்டுகள். அழுத கண்ணீர் உண்மையானதுதான். ஆயினும் கண்ணீர் விதியாக மாறுவதற்கு இன்னோர் இளைஞனின் உயிர் விலையாயிற்று.

நம் நிலைமை என்ன? தமிழ்நாட்டில் மோட்டார் சைக்கிள் ஓட்டுவோர் 2015-ஆம் ஆண்டு ஜூலை முதல் நாளிலிருந்து தலைக்கவசம் அணிந்தே தீர வேண்டும் என உயர் நீதிமன்றம் கண்டிப்பாக ஆணையிட்டது. ஆயினும் கவசத்தைத் தலையில் அணியாமல் முழங்கையில் மாட்டிக்கொண்டு செல்வோரை இச்சாலையில் இன்றும் காண்கிறோம். 2022-ஆம் ஆண்டில் மட்டும் இந்தியச் சாலைகளில் 1,68,000-க்கு மேற்பட்டோர் இறந்ததாக அரசின் கணக்கு கூறுகிறது. இவர்களுள் எவருக்காகவும் எந்தச் சாலையும் ஒரு நாள் வேகத்தைத் தளர்த்தியதில்லை.

ஆபத்து பந்தயத்தில் மட்டும் இல்லை. இத்தாலியின் மிகேலே ஸ்கார்போனி என்ற புகழ்பெற்ற வீரர், 2017-ஆம் ஆண்டு ஏப்ரல் 22-ஆம் நாள் காலையில் தம் ஊருக்கு அருகே சாதாரணச் சாலையில் பயிற்சி செய்துகொண்டிருந்தபோது, ஒரு வேன் மோதி இறந்தார். எத்தனையோ மலை இறக்கங்களைப் பத்திரமாகக் கடந்தவர், வீட்டிற்கு அருகிலுள்ள சந்திப்பைக் கடக்க முடியவில்லை. பாலவாக்கத்துச் சாலையில் சைக்கிளில் வேலைக்குச் செல்பவருக்கு நேரும் ஆபத்தும் இத்தகையதே.

ஆகஸ்டு மாதம் பிறந்ததும், காவி உடை அணிந்து, கொடி பிடித்து, அன்னையின் பெயரைச் சொல்லிக்கொண்டு வேளாங்கண்ணிக்கு நடந்து செல்லும் திருப்பயணிகள் கூட்டம் கூட்டமாக இக்கடற்கரைச் சாலையில் போவதைப் பார்க்கிறோம். கிசால்லோ அன்னைக்குரிய வழிப்போக்கர் இவர்களே. இரவில் நடப்போர் ஒளி காட்டும் பட்டைகளை அணிவதும், சாலையின் நடுவே படராமல் ஓரமாக வரிசையாகச் செல்வதும் பக்திக்குக் குறைவல்ல. அவர்களைக் கடந்து செல்லும் நம் வண்டிகள் வேகத்தைக் குறைப்பது, அவர்களுக்கு மோர் கொடுப்பதற்கு நிகரான அறச்செயலாகும்.

கல்லறைத் திருநாளில் நம் குடும்பத்தில் மரித்தவர்களின் பெயர்களை எழுதிக் கொடுத்துத் திருப்பலியில் ஒப்புக்கொடுக்கச் செய்கிறோம். சாலையில் இறந்தவர்கள் பெயரும் அப்பட்டியல்களில் ஆண்டுதோறும் கூடி வருகிறது. அவர்களுக்காக மன்றாடும் குடும்பம், வீட்டில் எஞ்சியிருக்கும் பிள்ளைகளுக்காகச் செய்ய வேண்டியதும் உண்டு. சைக்கிளில் பள்ளிக்குச் செல்லும் பிள்ளைக்குப் பின்புற விளக்கு ஒன்று வாங்கிக் கொடுக்கலாம். எதிர்த்திசையில் ஓட்டாதே என்று கண்டிக்கலாம். கார் வைத்திருப்போர் கதவைத் திறக்குமுன் பின்னே திரும்பிப் பார்க்கலாம். சைக்கிள்காரரைக் கடக்கும்போது அவர் தடுமாறினாலும் இடம் இருக்குமாறு விலகிச் செல்லலாம். நம் வீட்டு வேலைக்கும் காவலுக்கும் பழைய சைக்கிளில் வருகிறவருக்கு, பண்டிகைக்குத் துணி எடுத்துக் கொடுப்பதுபோல ஒரு தலைக்கவசமும் ஒரு விளக்கும் எடுத்துக் கொடுக்கலாம். இவற்றிற்குப் பெரும் பணம் தேவையில்லை.

புதிதாக வண்டி வாங்குவோர் அதை மாலை சூட்டி ஆலய முற்றத்தில் நிறுத்தி, மந்திரித்துத் தரும்படி குருக்களைக் கேட்பது நம் பங்குகளில் நல்ல வழக்கமாக இருந்து வருகிறது. குருவானவர் மகிழ்ச்சியோடு செபம் சொல்லித் தீர்த்தம் தெளிக்கிறார். அத்தீர்த்தம் வண்டியின்மேல் விழுகிறது. அதை ஓட்டிச் செல்லும் பிள்ளையின் தலையில் கவசத்தை வைத்து அனுப்ப வேண்டியவர்கள் வீட்டில் இருப்பவர்களே.